முதுகுக்குக் கீழே

காலைத் தண்ணீரில் வைத்துவிட்டாளா இல்லையா என்பது குனிந்து பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. கணுக்கால் வரை உள்ளே போயிருந்தது. குளிரவில்லை, சுடவும் இல்லை. யாரோ வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு அப்போதுதான் எழுந்துபோன நாற்காலியில் மிச்சமிருக்கும் வெதுவெதுப்பு மட்டும் இருந்தது.

நாத்தனார் வெளியூர் போயிருந்த மாதம் அது. அவளுடைய பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற மதிய நேரங்களில் இந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்துகொண்டிருந்தாள். லிஃப்டில் தவறான பொத்தானை அழுத்தி அடித்தளத்தில் இறங்கிய ஒரு நாள்தான் இந்த நீச்சல் குளம் கண்ணில் பட்டது. கார்கள் நிற்கும் இடத்தைத் தாண்டி ஒரு கண்ணாடிக் கதவு, தாழ்ந்த கூரை, அதில் வரிசையாகக் குழல்விளக்குகள், வெளிச்சம் எட்டாத ஆழமான கோடி. ஒருவரும் இல்லை. குளோரின் வாடை இல்லை. குளத்தின் ஓரத்தில் தண்ணீர் களக் களக் என்று வழிகிற அந்தச் சின்னச் சத்தம்கூட இல்லை.

அந்த அமைதிதான் அவளை இழுத்தது. நகராட்சிக் குளத்தின் வகுப்பில் அவளோடு நீச்சல் கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் இடுப்புயரப் பிள்ளைகள். அவள் மூழ்கி, இருமி, மூக்கு ஒழுக எழும்போது வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இந்த வயசுல கடலையா தாண்டப் போற?" என்று கணவர் கேட்டார். "அம்மா தலைக்கு ஊத்திக்கிறப்பவே மூச்ச அடக்கிக்குவா" என்று மகள் சிரித்தாள். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் ஒரே ஒரு தடவை, யாரும் பிடிக்காமல் மிதந்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் பிடிவாதம் ஏறிக்கொண்டே வந்தது.

அடித்தளக் குளத்தில் இறங்க வந்த முதல் நாளே, அதைத் துடைக்கும் அம்மாள் மறித்தாள். "நீச்சல் தெரியுமா மேடம்?"

"கத்துக்கிட்டிருக்கேன்."

"அப்ப தனியா விட முடியாது. தெரியாதவங்க எறங்கினா பக்கத்துல ஆள் இருக்கணும்னு உத்தரவு. பரவால்ல, நான் உக்காந்துக்கிறேன். பாக்காத சீரியல் நெறைய கெடக்கு."

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, காதில் ஒயரைச் செருகிக்கொண்டு, செல்போனுக்குள் போய்விட்டாள்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. மல்லாந்து சாய்ந்தாள், இடுப்பு தாழ்ந்தது, தண்ணீரைக் குடித்தாள், எழுந்தாள். மறுநாள் கண்களை மூடிக்கொண்டு, வகுப்பில் கழுத்தில் விசிலோடு நிற்கும் விசில் டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி, தலையணையில் வைப்பது போலத் தலையைத் தண்ணீரில் வைத்தாள். காதுகள் அடைத்துக்கொண்டன. தன் மூச்சு மட்டும் யாருடையதோ போலக் கேட்டது. இடுப்பு தாழவில்லை. கால்கள் மெல்ல மேலே வந்தன. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், அகலமாக, உறுதியாக, ஓர் உள்ளங்கை.

அவள் பயப்படவில்லை. அதைத்தான் பின்னால் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். எத்தனை பேரை அவள் தாங்கியிருக்கிறாள்! கழுத்து நிற்காத குழந்தையை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாமியாரை, தலைசுற்றி விழப்போன கணவரை. தன் முதுகுக்குக் கீழே ஒரு கை வந்து எத்தனை வருஷமாயிற்று! அது யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் இரு என்றுதான் தோன்றியது.

கண்ணைத் திறந்து எழுந்தபோது, துடைக்கும் அம்மாள் தூரத்தில் செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளின் புடவை நனைந்திருக்கவில்லை.

"டீச்சர், நான் மிதந்துட்டேன்" என்று அடுத்த வகுப்பில் விசில் டீச்சரிடம் சொன்னாள்.

"அப்படிப் போடுங்க! யார் பிடிச்சாங்க?"

"யாரும் பிடிக்கல. ஆனா பிடிச்ச மாதிரியே இருந்துச்சு."

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். நான் கைய எடுத்து ரொம்ப நேரம் ஆயிருக்கும், இன்னும் பிடிச்சிருக்கேன்னு நெனச்சுட்டு ஜம்முனு மெதப்பாங்க. ஒடம்புக்கு அந்த ஞாபகம் இருக்கும். எங்க, ஒரு தடவ காட்டுங்க."

காட்டினாள். கல்லைப் போல மூழ்கினாள். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

உடம்பின் ஞாபகம் என்றால் வகுப்பில் மட்டும் அது ஏன் வரவில்லை என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தாள். யோசித்தவள் மறுபடி அந்த அடித்தளத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாம். செடிகளுக்குக்கூட மறுநாள் தண்ணீர் தேவைப்படவில்லை, காலையில் மழை பெய்திருந்தது. கணவரிடம் செடிக்கு என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. நாற்காலியில் அந்த அம்மாள். குழல்விளக்குகள் மெலிதாக ரீங்கரித்துக்கொண்டிருந்தன. குளத்தின் நீர் அவற்றைத் துளி நடுக்கமில்லாமல், இன்னொரு கூரையைக் கீழே கட்டிவைத்தது போலக் காட்டியது. இறங்கினாள். சாய்ந்தாள். தலையை வைக்கும் முன்பே கை அங்கே இருந்தது.

இந்த முறை அவள் கண்களை மூடவில்லை. தலைக்கு நேர் மேலே ஒரு குழல்விளக்கு. கறுத்த முனைகள், உள்ளே செத்துக் கிடக்கும் பூச்சிகள். அதைப் பார்த்துக்கொண்டே மூச்சு விட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்த விளக்கு அவள் நெற்றிக்கு மேலிருந்து கன்னத்துக்கு, கன்னத்திலிருந்து மார்புக்கு நகர்ந்தது. பிறகு கால்களை நோக்கிப் போயிற்று. அடுத்த விளக்கு தலைப்பக்கமாக வந்தது.

விளக்குகள் நகராது.

காலைக் கீழே விட்டுத் தரையைத் தேடினாள். கட்டைவிரல் எதிலும் படவில்லை. உடனே கை தாழ்ந்தது. கொஞ்சம்தான். தண்ணீர் வாயோரம் வரை ஏறியது. காலை மேலே இழுத்துக்கொண்டாள். கை மீண்டும் உயர்ந்தது.

"அட! பழகிட்டீங்களே மேடம்!" அந்த அம்மாளின் குரல் தண்ணீருக்குள் கரைந்து, எங்கோ அடுத்த வீட்டிலிருந்து வருவது போலக் கேட்டது. "நடு ஆழம் வரைக்கும் போயிட்டீங்க. நான்கூட நீங்க சும்மா கால நனைக்க வரீங்கன்னு நெனச்சேன்."

கூப்பிட வேண்டும். மூச்சை இழுத்தாள். "அ..." கை தாழ்ந்தது. தண்ணீர் மூக்குக்குள் ஏறிச் சுளீரென்று எரிந்தது. வாயை மூடினாள். கை உயர்ந்தது. கையை ஆட்டலாம் என்று விரல்களை அசைத்தாள். தாழ்ந்தது. நிறுத்தினாள். உயர்ந்தது. அதட்டுவது போல இல்லை, பொறுமையாக, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல.

"மூஞ்சியில என்ன ஒரு நிம்மதி! கண்ணு பட்டுரப் போவுது. சரி, இனிமே நான் எதுக்குக் காவல்? மேல மாடிப்படி தொடைக்கணும். சாயங்காலமா வந்து பூட்டிக்கிறேன். மெதங்க, மெதங்க."

நாற்காலி தரையில் தேய்ந்தது. செருப்புச் சத்தம். கதவு.

அவளுடைய முகத்தில் நிம்மதியா? கண்ணைத் தவிர வேறெதையும் அசைக்க முடியாத முகம். வீட்டில்கூட அதைப் பார்ப்பவர்கள் அப்படித்தானே படித்துக்கொண்டிருந்தார்கள்?

அடுத்த விளக்கு போயிற்று. அதற்கடுத்தது. கடைசி விளக்கு கால்விரல்களுக்கு அப்பால் நழுவியது. இருட்டு, முதலில் தலைமுடியின் மேல், பிறகு நெற்றியில், பிறகு கண்களில் இறங்கியது. தண்ணீர் மட்டும் அதே வெதுவெதுப்பு.

நின்றாள். இல்லை. நிறுத்தப்பட்டாள்.

மூச்சு.

காதுக்குள் தன் மூச்சு. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் ஒன்று. எல்லாம் சிறியவை. சிக்கனமானவை.

தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் இடப்பக்கம் ஓட்டினாள். இருட்டு பழகப் பழக ஒரு நெற்றி தெரிந்தது. மூக்கு. நீருக்கு மேலே எழும்பியிருந்த உதடுகள். விரிந்து மிதக்கும் முடி. பாட்டியாகியிருக்க வேண்டிய வயதில் ஒருத்தி, கண் இமைக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்பால் இன்னொருத்தி. அதற்கப்பால் இன்னொருத்தி. சுவர் வரைக்கும் மல்லாந்த முகங்கள், ஒன்றையொன்று தொடாமல், ஒரே மட்டத்தில்.

பக்கத்தில் இருந்தவளின் உதடுகள் பிரிந்தன. காற்றைவிட மெதுவாக ஒரு குரல்.

"அழாதம்மா. அழுதா ஒடம்பு குலுங்கும்."

அவள் அழவில்லை.

கண்ணை வலப்பக்கம் ஓட்டினாள். அங்கே யாரும் இல்லை. ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம். அதன் நடுவில், விரல் நுனிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய, ஓர் உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தது.