தெரிந்தவரை இல்லை

போன் அலறியது!

கூரை வரை அடுக்கியிருந்த பழைய ஃபைல்களுக்கு நடுவே, தூசியில் தும்மிக்கொண்டே அவள் ரிசீவரை எடுத்தாள்.

"ஃபைல் ரூம்..."

"அக்கா! ஆறாம் வார்டு நர்ஸ் பேசறேன்... நொட்டை செத்துட்டாருக்கா!"

ரிசீவர் கையிலிருந்து நழுவி, கம்பியில் தொங்கி ஆடியது. எட்டிப் பிடித்தாள்.

"என்னடி உளர்ற?"

"பென்சிலின் ஊசிக்கா... அவருக்கு அது ஆகாதாமே! கம்ப்யூட்டர்ல ஒவ்வாமை இல்லைன்னு இருந்துச்சு..."

"பொய்! ஆகாதுன்னு நானே என் கையால ஏத்தினேன்!"

மறுமுனையில் குரல் தாழ்ந்தது.

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அதை மாத்தினதும் உங்க பேர்லதான்க்கா இருக்கு... போலீஸ் வந்தாச்சு!"

அவளுக்கு அந்த ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷ சர்வீஸ். பெரிய டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் ஃபைலக்காதான். அவளுக்கே சில நாள் சொந்தப் பெயர் மறந்துபோகும்.

நொட்டை?

தேசிய மின் சுகாதாரப் பதிவேட்டின் சோதனைக்காரர். நாட்டில் இருக்கிற அத்தனை பேரின் நோயும் மருந்தும் ஒரே கம்ப்யூட்டருக்குள் போகிற திட்டம் அது. அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவது அவர் வேலை. எதிலும் நொட்டை சொல்லிச் சொல்லி அந்தப் பெயரையே சம்பாதித்துவிட்டார். மூன்று நாள் முன்பு பைக்கிலிருந்து விழுந்து, காலில் காயம் சீழ் பிடித்து, ஆறாம் வார்டில் வந்து படுத்தார்.

இன்று மாலை நாலு மணிக்குத்தான் அந்தப் பதிவேட்டைப் பொதுமக்களுக்கு அறிமுகம் செய்கிற விழா!

ஃபைலக்கா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

ஆறாம் வார்டு. கடைசிக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. இடுக்கில் வெள்ளைத் துணி தெரிந்தது.

"ஐயோ... பாவி மனுஷா!"

திரையை விலக்கப் போனவளை ஒரு கை தடுத்தது. இன்ஸ்பெக்டர். வாயில் பெப்பர்மின்ட். கையில் ஒரு பிரின்ட் அவுட்.

"நீங்கதான் ஃபைலக்காவா?"

"ஆமா சார். ஒரு தடவை முகத்தைப் பார்த்துக்கறேனே..."

"அப்புறம் பார்க்கலாம். காலையில பதினொண்ணு நாற்பதுக்கு எங்க இருந்தீங்க?"

"ஃபைல் ரூம்ல."

"கூட யாரு?"

"நானும் தூசியும்தான்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"பதினொண்ணு நாற்பதுக்கு இந்த ஆளோட ரெக்கார்டை ஒருத்தர் திறந்திருக்காங்க. பென்சிலின் ஆகாதுங்கிறதை அழிச்சிருக்காங்க. லாகின் உங்களோடது. பாஸ்வேர்டு உங்களோடது."

"நான் தொடவே இல்ல சார்!"

"நேத்து இவரோட சண்டையாமே? வார்டே கூடி வேடிக்கை பார்த்துச்சாம்."

"நேத்து மட்டுமா? தினமும்தான் போடுவேன்! அந்த மனுஷனோட சண்டை போடாதவங்க இந்த ஆஸ்பத்திரியில யாரு?" கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "ஆனா பசிச்சா என் டிபன் பாக்ஸைத்தான் வந்து திறப்பாரு. அதுலயும் உப்பு கம்மின்னு நொட்டை."

"சண்டை எதுக்கு?"

"ஒரு வார்த்தைக்கு."

"வார்த்தைக்கா?"

"ஒருத்தருக்கு எந்த மருந்துமே ஒத்துக்காம போனதில்லைன்னு வைங்க. நாங்க வெறுமனே 'இல்லை'ன்னு எழுத மாட்டோம் சார். 'தெரிந்தவரை இல்லை'ன்னுதான் எழுதுவோம். நாளைக்கு என்ன மருந்து ஆகாம போகும்னு பேஷண்டுக்கே தெரியாது... அப்புறம் நான் யாரு அடிச்சுச் சொல்ல? ஃபைல் ரூமுக்கு வந்த முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடமே இதுதான்."

"சரி, அதுக்கென்ன?"

"கம்ப்யூட்டர் கட்டத்தை விட்டு எழுத்து வழியுது, 'தெரிந்தவரை'யை எடுத்துடுங்கன்னாரு. வார்த்தையைக் குறைக்க மாட்டேன், கட்டத்தைப் பெருசாக்குய்யான்னேன். அதான் சண்டை."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"சார்... அந்தப் பேப்பர்ல என்ன போட்டிருக்கு?"

"இல்லைன்னு."

"வெறும் 'இல்லை'யா?"

"வெறும் இல்லைதான்."

ஃபைலக்காவின் முதுகு நிமிர்ந்தது.

"அப்போ அது நான் இல்ல சார்! கண்ணைக் கட்டிவிட்டு எழுதச் சொன்னாலும் என் கை அந்த வார்த்தையைத் தனியா எழுதாது!"

"ஒரே ஒரு வார்த்தையை வச்சு கோர்ட்டுல தப்பிக்க முடியாதும்மா."

"அதானே!"

பின்னால் ஒரு குரல். கூடவே சென்ட் வாசனை.

பதிவேட்டுத் திட்டத்தின் இயக்குநர். விழாவுக்காகப் புது சூட். முகத்தில் துக்கம்... அளவாக.

"ரொம்ப வருத்தமா இருக்கு. நல்ல மனுஷன்." திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஃபைலக்காவை ஓரமாக அழைத்தார். "இங்க பாரும்மா. நாலு மணிக்கு ஜனங்க வர்றாங்க. இப்போ போய் பதிவேடு ஒரு ஆளைக் கொன்னுடுச்சுன்னு பேச்சு கிளம்பினா, எட்டு வருஷ உழைப்பு போச்சு."

"அதுக்கு?"

அவர் ஒரு தாளை நீட்டினார். ஏற்கெனவே டைப் அடித்திருந்தது.

"வேலைப்பளுவால் கவனக்குறைவாக மாற்றிவிட்டேன்னு எழுதியிருக்கேன். ஒரு கையெழுத்து. கவனக்குறைவுன்னா சஸ்பென்ஷனோட போயிடும். இல்லேன்னா... கொலை. ஆயுள் முழுக்க உள்ள இருக்கணும். உனக்குப் பொண்ணு இருக்கு இல்ல?"

இருந்தாள். நர்சிங் முதல் வருஷம் படிக்கிறாள். கொலைகாரி பெற்ற பொண்ணை எந்த ஆஸ்பத்திரி உள்ளே விடும்? ஃபைலக்காவுக்குப் பயமாக இருந்தது. நிஜமாகவே பயமாக இருந்தது.

தாளை வாங்கினாள்.

இயக்குநர் பேனாவை நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் பெப்பர்மின்ட்டை மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

சர்ர்ர்...!

தாள் இரண்டானது. நாலானது. எட்டானது.

"செய்யாத தப்புக்கு என் கையெழுத்து கேட்குதா உங்களுக்கு?" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் நோயாளி எழுந்து உட்கார்ந்தார். "பத்தொன்பது வருஷத்துல ஒரு ஃபைல் தொலைஞ்சதில்லை, ஒரு எழுத்து மாறினதில்லை! ஜெயிலுக்குப் போனாலும் போவேனே தவிர, கவனக்குறைவுன்னு மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன்!"

"திமிர்!" இயக்குநர் முகம் சிவந்தது. "இன்ஸ்பெக்டர், அரெஸ்ட் பண்ணுங்க!"

"பண்ணிடலாம் சார்."

"சார்..." ஃபைலக்கா இன்ஸ்பெக்டரை நேராகப் பார்த்தாள். "நாலு மணி வரைக்கும் டைம் கொடுங்க. ஓடிட மாட்டேன். ஓடறதுக்குச் செருப்புகூட இல்ல பாருங்க."

இன்ஸ்பெக்டர் அவள் வெறுங்காலைப் பார்த்தார். வாட்ச்சைப் பார்த்தார்.

"நாலேகால்."

மணி நாலு.

ஆஸ்பத்திரி அரங்கில் உட்கார இடம் இல்லை. மேடையில் மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர், பின்னால் சுவரளவு திரை. மேலே பேனர். 'உங்கள் உடல்நலம்... உங்கள் விரல் நுனியில்!'

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"இனிமே எந்த ஊர்ல, எந்த டாக்டர்கிட்ட போனாலும், உங்க முழு விவரமும் அவர் கண் முன்னாடி இருக்கும்! கிழிஞ்சுபோன சீட்டைத் தேட வேண்டாம்! எக்ஸ்ரே கவரைத் தூக்கிட்டு அலைய வேண்டாம்!"

கைத்தட்டல்.

கழுத்தில் இன்ச் டேப்போடு ஒரு டெய்லர் எழுந்தார்.

"சார், ஒரு டவுட்டு. எனக்கு மூலம் இருக்கு... அது என் சம்பந்தி வீட்டுக்கும் தெரியுமா?"

"இதுவரைக்கும் தெரியாது, இப்போ ஊருக்கே சொல்லிட்டீங்க!" என்றது ஒரு குரல்.

அரங்கமே சிரித்தது. இயக்குநரும் சிரித்தார்.

"யாருக்கும் தெரியாது! ஒருத்தர் உங்க ரெக்கார்டைத் திறந்தாலே அவங்க பேர் பதிவாகிடும். எங்க ஊழியர்களும் தப்ப முடியாது. அவங்க செஞ்ச ஒவ்வொரு வேலைக்கும் கணக்கு உண்டு. எப்படின்னு காட்டறேன்... யாராவது ஊழியர் மேடைக்கு வர்றீங்களா?"

"நான் வரேன்!"

வெறுங்காலோடு ஃபைலக்கா படியேறினாள். பின்னாலேயே இன்ஸ்பெக்டர்.

"இவங்க வேண்டாம்..." இயக்குநர் மைக்கைப் பொத்தினார்.

"ஏன் சார்? ஊழியர்தானே கேட்டீங்க?" இன்ஸ்பெக்டர் பெப்பர்மின்ட்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "இன்னும் பத்து நிமிஷம் பாக்கி இருக்கு. காட்டட்டும்."

ஃபைலக்கா மைக்கைப் பறிக்காத குறையாக வாங்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க ஃபைல் ரூம் கிளார்க். இன்னிக்கு ஒருத்தர் செத்துட்டாரு. நான்தான் கொன்னேன்னு சொல்றாங்க."

முன் வரிசை எழுந்து நின்று பார்த்தது.

"செத்தவரோட ரெக்கார்டை நான் திறக்க மாட்டேன். அது அவரு சொந்த விஷயம். என் வேலைக் கணக்கைத் திறக்கறேன். பேஷண்ட் பேர் எதுவும் வராது. நான் என்ன எழுதினேன், எப்போ எழுதினேன்னு மட்டும் பாருங்க!"

தட்டினாள். திரை நிறைந்தது.

தெரிந்தவரை இல்லை. தெரிந்தவரை இல்லை. தெரிந்தவரை இல்லை...

"ஆறு மாசமா பதினோராயிரம் பேரை ஏத்தியிருக்கேன். ஒவ்வாமை இல்லாத ஒவ்வொருத்தருக்கும் இதே ரெண்டு வார்த்தை. வெறும் 'இல்லை' எத்தனைன்னு தேடறேன்... எண்ணிக்கோங்க!"

திரை ஒருமுறை சிமிட்டியது.

ஒன்று.

ஒன்றே ஒன்று!

'இல்லை. காலை 11.40.'

"இது என் கை இல்ல!" அவள் குரல் உடைந்தது. உடைந்தாலும் இறங்கவில்லை. "என் பாஸ்வேர்டு எப்படிப் போச்சுன்னு கேட்பீங்க. பயிற்சி அன்னிக்கு எல்லார்கிட்டயும் ஒரே தாள்ல எழுதி வாங்கினாரே இந்த இயக்குநர் ஐயா! ஏன் சார், எழுதி வாங்கினீங்களா இல்லையா?"

"வாங்கினாரு!" வார்டு பாய் ஒருவன் கத்தினான்.

"என்கிட்டயும் வாங்கினாரு!" இது எக்ஸ்ரே டெக்னீஷியன்.

இயக்குநர் கர்சீப்பை எடுத்தார். "அதனால? அந்தத் தாளை யார் வேணும்னாலும் பார்த்திருக்கலாமே! இவங்களே இப்படி வேணும்னு மாத்தி எழுதியிருக்கலாமே!"

"எழுதியிருக்கலாம்தான்..." என்றார் இன்ஸ்பெக்டர். "ஏம்மா, அந்த வரிக்குக் கடைசியில ஒரு கட்டம் இருக்கே. அது என்ன?"

ஃபைலக்கா கண்ணைச் சுருக்கினாள். அந்தக் கட்டத்தை அவள் இதற்கு முன் பார்த்ததே இல்லை.

"எந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து எழுதினதுன்னு போட்டிருக்கு சார். மத்த எல்லாத்துக்கும்... ஃபைல் அறை. இந்த ஒண்ணுக்கு மட்டும்..."

நிறுத்தினாள். சத்தமாகப் படித்தாள்.

"இயக்குநர் அறை!"

"இருக்க முடியாது!" இயக்குநர் அலறினார். "அந்தக் கட்டத்தை நான் எடுத்துட்டேன்! போன வாரமே எடுத்துட்டேனே!"

சொன்ன பிறகுதான் தெரிந்தது... அவர் பக்கம் நீண்டிருந்த ஃபைலக்காவின் மைக் ஆனில் இருந்தது.

"எடுத்தது சரி சார்." இன்ஸ்பெக்டர் சாவகாசமாகக் கைவிலங்கை எடுத்தார். "அதை மறுபடி போட்டது யாருன்னு கேட்க மாட்டீங்களா?"

மேடைத் திரைச்சீலை விலகியது.

சக்கர நாற்காலி. தள்ளிக்கொண்டு வந்தது ஆறாம் வார்டு நர்ஸ். நாற்காலியில், மடியில் லேப்டாப்போடு, காலில் கட்டோடு...

நொட்டை!

"வணக்கம்," என்றார் நொட்டை. "பேனர்ல எழுத்து கொஞ்சம் கோணலா இருக்கு."

ஃபைலக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"சா... சாகலையா?"

"ஊசியோட போனேன்க்கா," என்றாள் நர்ஸ். "கம்ப்யூட்டர் ஒவ்வாமை இல்லைன்னுச்சு. ஆனாலும் குத்தறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து கேட்டேன்... பென்சிலின் ஒத்துக்குமான்னு. ஐயையோ ஆகாதுன்னு கட்டிலை விட்டே குதிச்சுட்டாரு!"

நொட்டை லேப்டாப்பைத் தூக்கிக் காட்டினார்.

"இந்த ஆள் ரூம்லேர்ந்து தினமும் ஜனங்களோட நோய் விவரம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகுது. இந்த மேடையிலேயே சொல்லப்போறேன்னு இவர்கிட்டயே சொல்லித் தொலைச்சேன். அதான் எனக்கு ஊசி! உடனே நர்ஸை விட்டுப் போலீசுக்குச் சொல்லச் சொன்னேன். செத்த மாதிரி படுங்க, ஆள் தானா மாட்டுவான்னாரு இன்ஸ்பெக்டர். தன் ரூம் பேர் தெரியாம இருக்க இவர் எடுத்திருந்த அந்தக் கட்டத்தையும் படுத்துக்கிட்டே திருப்பிப் போட்டேன்."

இயக்குநர் கையில் விலங்கு விழுந்தது. புது சூட் கசங்க, இரண்டு கான்ஸ்டபிள்கள் அவரைக் கீழே இறக்கினார்கள்.

டெய்லர் எழுந்து நின்றார். "அப்போ என் மூலம் இன்சூரன்ஸ் கம்பெனி வரைக்கும் போயிடுச்சா? விடாதீங்க சார் அந்த ஆளை!"

இன்ஸ்பெக்டர் ஃபைலக்காவிடம் வந்தார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. உங்க லாகின்ங்கிறதால உங்ககிட்ட சொல்ல முடியல. நீங்க மட்டும் அந்த லெட்டர்ல கையெழுத்துப் போட்டிருந்தா, நீங்களும் அந்த ஆளுக்குக் கூட்டுன்னு முடிவு பண்ணியிருப்பேன். கிழிச்சீங்க பாருங்க... அப்பவே உங்க மேல இருந்த சந்தேகம் போயிடுச்சு. கேஸை வாபஸ் வாங்கிடறேன்."

ஃபைலக்கா நொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கை மட்டும் மெதுவாக, மேஜை மேல் இருந்த தடித்த விழா மலரைச் சுருட்டியது.

"ரெண்டு மணி நேரம்... ரெண்டு மணி நேரமா உங்களுக்காக அழுதுக்கிட்டு இருக்கேன்யா!"

"கேட்டுச்சுக்கா," என்றார் நொட்டை. "திரைக்குப் பின்னாடிதானே படுத்திருந்தேன். ஆனா அந்த 'பாவி மனுஷா' கொஞ்சம் சுரத்தே இல்லாம..."

ஃபைலக்கா விழா மலரை ஓங்கினாள். திரும்பாமலே சொன்னாள்.

"இன்ஸ்பெக்டர் சார்... அந்தக் கொலைக் கேஸை வாபஸ் வாங்கிடாதீங்க. இதோ, இப்பத்தான் பண்ணப் போறேன்!"