ஈரம் காயாத பெட்டி

வாருங்கள். கதவு திறந்துதான் கிடக்கிறது. பழவேற்காட்டு ஏரிக்கரையில், தகரக் கூரை வேய்ந்த இந்த ஒற்றை அறை வீட்டுக்குள் குனிந்து வாருங்கள். நடுவில் கிடக்கும் அட்டைப்பெட்டியைச் சுற்றி நில்லுங்கள். எனக்கென்ன என்று முகம் திருப்பிக்கொள்ளும் உரிமை இன்று உங்களுக்கு இல்லை. இந்தப் பெட்டியோடு ஒரு தாளும் வந்தது. அந்தத் தாளின் அடியில் ஒரு பெண்ணின் கையெழுத்துக்காக ஓரிடம் காலியாக விடப்பட்டிருந்தது. அதை அவள் நிரப்பியிருந்தால், செத்துப்போன ஒருவன் ஓடிப்போனவன் ஆகியிருப்பான். அவன் உடலைத் தேட ஒருவரும் புறப்பட்டிருக்க மாட்டார்கள். ஏன் தேடவில்லை என்று கேட்கவும் யாருக்கும் வழி இருந்திருக்காது.

பேய் உண்டு என்று உங்களை நம்பவைக்க நான் வரவில்லை. இல்லை என்றுதான் இத்தனை காலமும் பேசி வந்திருக்கிறேன். அன்று அந்த வீட்டில் கண்டதை, கண்ட வரிசையில் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

ஐப்பசி மாதத்துப் பிற்பகல். பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி, பேருந்து ஏறி, கடைசி ஒரு கல் தொலைவை நடந்தே கடந்து காந்தாவின் வீட்டை அடைந்தேன். ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடித்து வாழ்பவள் காந்தா. அவள் கணவன் சகாதேவன் வளைகுடா நாட்டுத் துறைமுகம் ஒன்றில் விசைப்படகுக் கூலி; போய் நான்கு ஆண்டுகள். ஐம்பது நாட்களாக அவனுடைய செல்பேசி ஒலிக்கவில்லை. ஆட்சியருக்கு ஒரு மனு எழுதித் தர வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். அதற்காகத்தான் போனேன்.

நான் செருப்பைக் கழற்றும்போதே பின்னால் ஒரு சிறு வேன் வந்து நின்றது. ஓட்டிவந்த ஆசிக், பழவேற்காட்டுக்காரன், எட்டிப் பார்த்தான்.

"அக்கா, காந்தான்றது நீங்கதானே? வெளிநாட்டு பார்சல் வந்துக்குது."

"யாரு அனுப்னது?"

"சகாதேவன்னு போட்டுக்குது."

அந்தப் பெண்ணின் முகத்தில் எழுந்த வெளிச்சத்தை நான் மறக்கப்போவதில்லை. "பாத்தீங்களா சார்! பொட்டிய முன்னால கப்பல்ல போட்டுட்டு, பின்னாலயே கெளம்பி வருவாங்க. அக்கரைக்குப் போனவங்க எல்லாம் அப்டிதான் வருவாங்க. நான்தான் பைத்தியக்காரி, மனு எழுத உங்கள வரவெச்சேன்."

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் எடை முப்பத்திரண்டு கிலோ என்று இருந்தது. நானும் ஆசிக்கும் பிடித்துத் தூக்கினோம். தரையை விட்டு எழவில்லை. காந்தாவும் கை கொடுத்த பிறகே நகர்ந்தது. அட்டையின் நான்கு பக்கமும் நனைந்து கறுத்திருந்தது.

"எளாவூர்ல ஒரு வூட்டுக்கு ரெண்டு பொட்டி எறக்கிட்டுதான் வரேன். அதுங்கல்லாம் காஞ்சி கெடந்துச்சு. இதுமட்டும் எப்டி நனைஞ்சுதுன்னு தெரில." மூச்சு வாங்கியபடி ஆசிக் சிரிக்கப் பார்த்தான். "இன்னாக்கா, உங்க வூட்டுக்காரரு கடலையே பேக் பண்ணி அனுப்ச்சிட்டாரா?"



அறை நடுவில் பெட்டியை இறக்கினோம். அதன் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, சிமென்ட் தரையில் மெல்லப் பரவியது.

அப்போது ஆதிநாராயணன் உள்ளே வந்தான். சகாதேவனின் அண்ணன். ஊரிலிருந்து பதினொரு பேரை ஏஜென்டிடம் சேர்த்து அக்கரைக்கு அனுப்பிவைத்தவன். அங்கே தம்பி வேலை செய்யும் அதே விசைப்படகில் தன் மகன் கார்த்திக்கையும் சேர்த்துவிட்டவன். அவன் கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. பெட்டி வரும் நேரம் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அந்தக் கணம் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"ஏஜென்ட் அனுப்னாரு. பொட்டி வாங்கிக்கினதுக்கு ஒரு கையெழுத்து. போட்டுடும்மா."

"சார்தான் இருக்காரே மாமா. படிக்கட்டும்."

படித்தேன். 'என் கணவர் தம் பொருள்களைத் தாமே கட்டி அனுப்பிவிட்டு, எவரிடமும் சொல்லாமல் வேலையிடத்தை விட்டு வெளியேறிவிட்டார் என அறிகிறேன். பொருள்கள் முழுமையாக என்னிடம் வந்து சேர்ந்தன. அவர் குறித்து நிறுவனத்தின் மீது எனக்குக் குறையோ கோரிக்கையோ இல்லை, இனியும் இராது.'

நாகரிகமான சொற்கள். ஒரு மனிதனைப் புதைப்பதற்குக் கடப்பாரை தேவையில்லை, இப்படி மூன்று வாக்கியங்கள் போதும் என்று எவனோ ஒருவன் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறான்.

காந்தாவின் முகத்தில் வெளிச்சம் அணைந்தது. "ஓடிட்டாரா?"

"வேற கம்பெனிக்குப் பூட்டான்மா. நெறைய பேரு அப்டி போறானுங்க."

"எங்கிட்ட சொல்லாமயா?"

"கையெழுத்து போடு காந்தா. கார்த்திக் ஊர் வந்து சேரணும்ல."

"அதுக்கும் இதுக்கும் இன்னா மாமா சம்பந்தம்?"

ஆதிநாராயணன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. "மொதல்ல பொட்டியத் தெறக்கணும்" என்று சொல்லி, மீன் அரியும் கத்தியால் பழுப்பு நாடாவைக் கிழித்தாள்.

பிற்பகல் நான்கு மணிதான். ஆனால் ஏரியின் மேல் மேகம் கவிந்து, மின்சாரமும் போய், அறைக்குள் ஓர் இருள் வந்து உட்கார்ந்துகொண்டது. மின்விசிறி நின்ற பிறகு அந்த ஓசை தெளிவாகக் கேட்டது. பெட்டிக்குள் தண்ணீர் அலைந்துகொண்டிருந்தது, யாரோ உள்ளே புரண்டு படுப்பது போல.

பிறகு வாடை எழுந்தது.

அக்கரையிலிருந்து வரும் பெட்டிக்கென்று ஒரு மணம் உண்டு: சோப்பு, வாசனைத் திரவியம், புதுப் போர்வை. இதில் அவை எதுவும் இல்லை. இது சேற்றின் வாடை. நீர் வற்றும் நாளில் நம் ஏரியின் அடியிலிருந்து கிளம்புமே, கரும்பசையான சேறு, அதன் வாடை. கப்பலேறிக் கடல் கடந்து வந்த பெட்டிக்குள் பழவேற்காட்டுச் சேறு எப்படிப் போயிற்று?

காந்தா ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். ஒரு போர்வை. இரண்டு சட்டைகள். மகள் சரண்யாவுக்கு வாங்கிய வண்ணப் பென்சில்கள். ரப்பர் பூட்ஸ். ஒரு ஜோடிச் செருப்பு. செல்பேசி.

செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள். "இது ஒண்ணுதான் சார் அவருகிட்ட இருந்த செருப்பு. போன்ல காட்டினாரு, வாரு தைச்சுப் போட்டுக்கினேன்னு."

கேளுங்கள், சட்டம் படித்தவர்களே! ஓடிப்போனவன் எந்தக் காலணியோடு ஓடினான்? செல்பேசியையும் பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிட்டு எவன் ஓடுவான்?

பெட்டியின் அடியில் இன்னும் துணிகள் இருந்தன. இருட்டில் கண்ணுக்குத் தெரியவில்லை. காந்தா முழங்கை வரை கையை உள்ளே விட்டாள்.

இங்கே ஒன்றை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். கையால் இறால் பிடிப்பவர்கள் கழுத்தளவு நீரில் குந்தி, அடிச் சேற்றைத் துழாவி நகர்வார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைக் கூடைக்குப் பறி என்று பெயர். இரண்டு கைகளும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். ஆகவே நீருக்குள் பேச்சு கிடையாது. அதற்காகச் சகாதேவனின் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பக்கத்திலிருப்பவரின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு முறை அழுத்தினால், இங்கே இறால் இருக்கிறது என்று பொருள். இரு முறை அழுத்தினால், நில், அடி எடுத்து வைக்காதே. மூன்று முறை அழுத்தினால், சேற்றில் சிக்கிக்கொண்டேன், வா. அண்ணனும் தம்பியும் சிறு வயதில் கற்றது. மணமாகி வந்த காந்தாவுக்கும் சகாதேவன் கற்றுக்கொடுத்தான்.

துழாவிய கை நின்றது.

அவள் அசையவில்லை.

"இன்னாக்கா?" என்றான் ஆசிக்.

அவள் திரும்பாமல், உதடு மட்டும் அசைய, சொன்னாள்.

"புட்சிக்கினு கீறாரு."

கூரைத் தகரத்தில் முதல் மழைத்துளி விழுந்தது. நான் குனிந்து பார்த்தேன். நனைந்த துணிகளின் நடுவே அவள் கை முழங்கை வரை புதைந்திருந்தது. வேறெதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் அவள் தோள் அதிர்ந்ததைப் பார்த்தேன்.

ஒரு முறை.

மறுபடியும் ஒரு முறை.

"ரெண்டு தபா" என்றாள். குரலில் அழுகை இல்லை, அச்சமும் இல்லை. "நில்லுன்றாரு. கையெழுத்து போடாதன்றாரு."

கையை வெளியே இழுத்தாள். ஆசிக் செல்பேசி விளக்கை அடித்தான். மணிக்கட்டைச் சுற்றிக் கருஞ்சேற்றில் ஐந்து விரல்களின் தடம். நான்கு முழுமையாக இருந்தன. நடுவிரல் பாதியோடு நின்றிருந்தது.

சின்ன வயதில் கெளுத்தி முள் குத்திச் சீழ் பிடித்து, சகாதேவன் இழந்தது அந்த நடுவிரலின் பாதியைத்தான்.

"பொய்!" ஆதிநாராயணன் கத்தினான். "துணி சுத்திக்கினிருக்கும். இதப் போயி... நவுரு, நான் பாக்கறேன்." முழங்காலிட்டுக் கையைப் பெட்டிக்குள் திணித்தான். ஏளனமாக எங்களைப் பார்த்தான். வாய் திறந்து ஏதோ சொல்ல வந்தான்.



அவன் கண்கள் விரிந்தன. அவன் தோளும் அதிர்ந்தது. நான் எண்ணினேன்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

"உடு தம்பி! உட்டுர்றா!" என்று அலறி, கையைப் பிடுங்கிக்கொண்டு சுவரில் போய் மோதினான். பிறகு அந்தப் பெரிய மனிதன் தரையில் ஓடிய தண்ணீரில் உட்கார்ந்து, தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே அழுதான். "மாட்டிக்கினான் காந்தா. இன்னும் அங்கயே மாட்டிக்கினுதான் கீறான்."

உண்மை அதன் பிறகு வந்தது. ஐம்பது நாட்களுக்கு முன்பே கார்த்திக் தந்தைக்குப் போன் செய்திருக்கிறான். "நைனா, படகுக்கு அடியில எஞ்சின் ஃபேன்ல வலை சுத்திக்கிச்சு. காத்தும் அலையுமா இருந்துச்சு. வேணான்னு சித்தப்பா சொன்னாரு, கேக்கல, எறங்குன்னாங்க. எறங்குனாரு. ஏறல. மறுநாள் என் கையாலயே அவரு பொட்டியக் கட்டவெச்சாங்க. நல்லா காஞ்ச பொட்டி நைனா." பிறகு ஏஜென்ட் பேசியிருக்கிறான்: காந்தாவின் கையெழுத்து வந்து சேரும்வரை கார்த்திக்கின் பாஸ்போர்ட் அவன் கைக்கு வராது. தம்பியின் பிணத்தையும் மகனின் உயிரையும் எதிரெதிரே நிறுத்தி, ஒன்றை எடுத்துக்கொள் என்று ஒரு தகப்பனிடம் சொன்ன அந்த வாய்க்கு இன்றுவரை எந்தத் தண்டனையும் இல்லை.

நானும் ஆசிக்கும் பெட்டியைக் கவிழ்த்தோம். துணிகள் விழுந்தன. சேறு ஒரு பிடிகூட இல்லை. பெட்டியின் அடியட்டை, அன்று கடையில் வாங்கியது போல, காய்ந்து கிடந்தது.

காந்தா தாளை எடுத்து நான்காக மடித்து ஆதிநாராயணனின் சட்டைப் பையில் வைத்தாள்.

"பொட்டி எனக்கு வோணாம் மாமா. ஆள அனுப்பச் சொல்லு. உசுரோட இல்லன்னா ஒடம்பா அனுப்பச் சொல்லு. கார்த்திக்கையும் கேட்டுதான் வாங்கணும். பயந்துக்கினு கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அவன் பொட்டியும் இப்டிதான் வரும்."

அங்கேயே, அந்த ஈரத் தரையில் உட்கார்ந்து மனுவை எழுதினேன். என்ன நடந்தது, எந்தப் படகு, யார் இறங்கச் சொன்னது, யார் மறைத்தது, எல்லாம் எழுதினேன். சகாதேவனின் உடலைத் தேடி எடுத்து அனுப்புக, கார்த்திக்கின் பாஸ்போர்ட்டை அவன் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்புக, இவையே கோரிக்கைகள். பெட்டியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அரசாங்கம் நம்புவதை மட்டுமே எழுதினேன்.

கையொப்ப வரிகளை எண்ணிட்டு, தாளைக் காந்தாவிடம் நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, என்னிடம் திருப்பிக் காட்டினாள்.

முதல் வரியில் யாரோ ஏற்கெனவே கை வைத்திருந்தார்கள். கருஞ்சேற்றுத் தடம். அதில் நடுவிரல் பாதி.

இரண்டாம் வரியில் காந்தா எழுதினாள். மூன்றாவது ஆதிநாராயணனுடையது, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. நான்காவது ஆசிக். ஐந்தாவது நான்.

அந்த மனு இப்போது என் மேசையில் இருக்கிறது. பத்தொன்பது நாட்களாயிற்று. நகல்களை மூன்று அலுவலகங்களுக்குக் கொடுத்தோம். பெற்றுக்கொண்ட முத்திரை வந்தது, பதில் வரவில்லை. காந்தாவின் கையெழுத்து காய்ந்துவிட்டது, மற்றவர்களுடையவையும் காய்ந்துவிட்டன. முதல் வரி மட்டும் காயவில்லை. காலையில் தாளைத் தொடும்போதெல்லாம் என் விரலில் ஈரச் சேறு ஒட்டுகிறது. நேற்று என் மணிக்கட்டை ஏதோ ஒன்று பிடித்தது.

மூன்று முறை அழுத்தியது.

எழுந்திருங்கள். உங்கள் தெருவிலும் ஒரு பெட்டி வந்திருக்கும், அல்லது வரும். அதோடு வரும் தாளில் எவளையும் கையெழுத்திட விடாதீர்கள். முதலில் படியுங்கள், பெட்டியைத் திறங்கள், செருப்பைத் தேடுங்கள். ஆள் எங்கே என்று கேளுங்கள். பதில் வரும்வரை அந்த வாசலை விட்டு நகராதீர்கள்.

அதற்கு முன் இங்கே வாருங்கள், பேனாவை எடுங்கள். ஆறாம் வரி காலியாக இருக்கிறது. ஒரு மனிதன் இன்னும் நீருக்கடியில் பிடியைத் தளர்த்தாமல் காத்திருக்கிறான்.

கையெழுத்துப் போடுங்கள்.