கறுப்புக் கம்பியைக் கழற்றியபோது

முதலில் ஹாரன்தான் சொன்னது. காலையில் கொட்டகைக்குள் போய், மோட்டார் சைக்கிளின் சாவியைத் திருப்பி மிக்ஸிக்காரர் ஹாரனை அழுத்தினார். கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பூனை முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அதுவும் பாதியில் நின்றுவிட்டது. முந்தின நாள் மாலை இதே ஹாரன்தான் தெருமுனையில் ஒரு லாரியை ஒதுங்க வைத்திருந்தது. ஒரே ராத்திரியில் இப்படி இளைத்துப்போக ஹாரனுக்கு என்ன காதல் தோல்வியா?

"கிக்கர் இருக்குல்ல? உதைச்சுட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி, வாசலில் சாய்ந்தபடி, தூக்கம் கலையாத குரலில்.

வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் மிக்ஸியும் மின்விசிறியும் பழுது பார்த்தே வயிறு வளர்த்தவர் அவர். மின்சாரம் எங்கோ கசிகிறது என்று தெரிந்தும் பேசாமல் போவது, குழம்பில் பல்லி விழுந்ததைப் பார்த்துவிட்டு மூடி வைப்பது மாதிரி.

போன மாதம் பாலத்துத் திருப்பத்தில் மணலில் வண்டி சறுக்கி இருவரும் விழுந்திருந்தார்கள். அவருக்கு முழங்கையில் தையல். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தாள். கூடியவர்களில் ஒருவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்து, "பாவம், போயிருச்சு" என்றுகூடச் சொல்லிவிட்டார். என்ன செய்கிறோம் என்று புரியாமல் இவர் வண்டியை நிமிர்த்திச் சாவியைத் திருப்பினார். முகப்பு விளக்கு எரிந்தது. அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "மெதுவா ஓட்டத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள். விரல் வைத்துப் பார்த்தவர் அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் கரைந்துபோனார்.

வண்டி விழுந்த அதிர்ச்சியில் ஏதோ கம்பி உரசியிருக்கும், அதனால்தான் பேட்டரி நிற்கவில்லை என்று நினைத்தார். பேட்டரிக் கடைக்காரனிடம் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"ஊரான் வீட்டு மோட்டாரெல்லாம் ஓட வைக்கிறீங்க, உங்க வண்டி மட்டும் பட்டினியாண்ணே?" என்றான் அவன். அதைச் சோதித்துத் தரும்வரை ஓட்டிக்கொள்ள ஒரு மாற்று பேட்டரியும் கொடுத்தான். அதுவும் மறுநாள் காலை பூனையானது.

திரும்பப் போனபோது கடைக்காரன் சிரிக்கவில்லை. "உங்க பேட்டரி எங்கிட்ட கெணத்துல போட்ட கல்லாட்டம் கெடந்துச்சு. ஒரு புள்ளி எறங்கல. பகல்ல ஓட்டுறப்பவும் எறங்கலங்கிறீங்க. வீட்ல நிறுத்தினாத்தான் எறங்குது. அப்போ வீட்லதான் யாரோ ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுறாங்க."

"வீட்ல நானும் அவளும்தான்டா."

"அப்போ நீங்கதான். தொப்பையே காட்டிக் குடுக்குதே."

சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். வீட்டு வாசலில் அவள் நின்றிருந்தாள். காலையில் கையசைத்து வழியனுப்பியவள், மாலையில் அதே இடத்தில், அதே கையைத் தூக்கியபடி. விபத்துக்குப் பிறகு தினமும் இப்படித்தான். வண்டி உள்ளே நுழைந்ததும் அந்தக் கை கீழே இறங்கும். "சீக்கிரம் வந்துடுங்க" என்பாள், அப்போதுதான் கிளம்புகிறவரிடம் சொல்வதுபோல. இந்த வயதில் இப்படி ஒரு பாசமா என்று அவருக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. குடத்துத் தண்ணீர் மட்டும் காலையில் இருந்த மட்டத்திலேயே இருந்தது. அதை அவர் பெரிதாக நினைக்கவில்லை.

விடுமுறை நாள் மாலை, கசிவைப் பிடித்தே தீருவது என்று கொட்டகையில் உட்கார்ந்தார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தகரக் கூரையின் துரு வாடையும், பேட்டரி அமிலத்தின் புளித்த நெடியும், மழைக்கு முந்திய மண்ணின் சூடும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் உட்கார்ந்தன. கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. அவள் காய் நறுக்குகிற சத்தம் கேட்டது. டக், டக், டக். கூடவே பேச்சு.

"பக்கத்து வீட்டம்மா நேத்து என்ன சொன்னா தெரியுமா? கேக்குறீங்களா?"

"ம்."

"நீங்க 'ம்'னு சொன்னா கேக்கலன்னு அர்த்தம்."

பேட்டரியின் எதிர்மின் முனையிலிருந்து கறுப்புக் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் முனைக்கும் நடுவே தன் பழைய முள் மீட்டரை மாட்டினார். வழி எளிது. சாவி அணைந்திருக்கும்போது முள் அசையக் கூடாது. அசைந்தால் திருட்டு. ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது முள் விழுகிறதோ, அங்கே திருடன்.

முள் அசைந்தது. ஆனால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. மறுபடி ஏறியது. உறங்குகிற ஒருவரின் மார்பைப் பார்ப்பதுபோல இருந்தது.

ஃபியூஸைப் பிடுங்கினார். முள் ஆடியது. ஹாரன் கம்பியைப் பிடுங்கினார். விளக்குக் கம்பி, சாவிக் கம்பி, பேர் தெரியாத ஒரு பச்சைக் கம்பி. கடைசியில் சிவப்புக் கம்பியையும் கழற்றினார். இப்போது பேட்டரிக்கும் வண்டிக்கும் ஒரே உறவு, மீட்டர் வழியாகப் போகும் அந்தக் கறுப்புக் கம்பிதான். மின்சாரம் போவதற்கு ஒரு வழி, திரும்புவதற்கு ஒரு வழி வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முள் பள்ளிக்கூடம் போனதில்லை போலிருக்கிறது. ஆடிக்கொண்டே இருந்தது.

"...அந்தம்மா என் கையைப் பிடிச்சுப் பாத்துட்டு, என்னடி இது இவ்ளோ ஜில்லுனு..."

மீட்டரின் கறுப்புக் குச்சியை முனையிலிருந்து எடுத்தார்.

சமையலறை அடங்கியது.

கத்தி நின்றது. பேச்சு நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. குச்சியைத் திரும்ப வைத்தார்.

"...இருக்குங்கிறா. நான் சொன்னேன், பாத்திரம் கழுவுன கைம்மா..." டக், டக்.

எடுத்தார். அமைதி. வைத்தார். டக்.

கல்யாணமான ஆண்கள் பலர் கனவு கண்டிருக்கக்கூடிய கண்டுபிடிப்பு. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தற்செயலாக இருக்கலாம். தொழில்காரன் கண்ணால் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. குச்சியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, சமையலறைக்குப் போனார்.

கத்தி அந்தரத்தில் நின்றது. அவள் வாய் ஒரு சொல்லின் நடுவில் திறந்திருந்தது. நிரம்பி வழிந்த பாத்திரத்தின் தண்ணீர் அவள் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. கன்னத்தில் ஒரு ஈ. அது மேலே நடந்தது. கண்ணுக்குள் நடந்தது. கருவிழியின் நடுவில் நின்று, கால்களைத் தேய்த்துக்கொண்டது.

ஓடினார். வாசற்படி தடுக்கியது. குச்சியை முனையில் வைத்து அழுத்தினார்.

"...சீ, ஈ! என்னங்க, கேக்குறீங்களா இல்லையா?"

"கேக்குறேன்" என்றார். "பேசு. நிறுத்தாம பேசு."

"இது என்ன அதிசயம்!" என்று அவள் சிரித்தாள்.

எல்லாக் கம்பிகளையும் அவை இருந்த இடத்தில் மாட்டினார். மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றிப் பார்த்தார். பாதிக்கும் கீழே. சார்ஜரைச் செருகினார். மழை அப்போதுதான் தகரத்தில் விழுந்தது. முதல் இடியில் தெரு முழுக்கக் கரண்ட் போனது.

"இருட்...டா... இருக்...கே..." சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் இழுபட்டது, மாவு இறுகிய மிக்ஸி மாதிரி.

கிக்கரை உதைத்தார். உதைத்தார். உதைத்தார். எஞ்சின் பிடித்தது. முறுக்கினார். முகப்பு விளக்கின் மஞ்சள், கொட்டகைச் சுவரில் பரவி வெளுத்தது.

"யப்பா, என்ன சத்தம்!" என்றது அவள் குரல், பழையபடி.

போதும். எஞ்சின் ஓடுகிற வரை பேட்டரி இறங்காது. நாளைக்கு லாரி பேட்டரி வாங்கலாம். இன்வர்ட்டர் வைக்கலாம். இரண்டு வைக்கலாம். ஒருத்தியைக் காப்பாற்ற முடியாதவன் என்ன ரிப்பேர்காரன்? டேங்க் மூடியைத் திறந்து காதை வைத்து, வண்டியை ஆட்டிப் பார்த்தார். அடியில் ஒரு மடக்குதான் குலுங்கியது. பெட்ரோல் போட வண்டியைத் தெருவுக்கு எடுத்தால் அவள் நின்றுபோவாள், தினமும் வாசலில் நின்றதுபோல. நடந்து போனால் எஞ்சின் நின்றுபோகும்.

ஈரக் காலடிச் சத்தம். அவள் கொட்டகைக்குள் வந்தாள். எதுவும் கேட்காமல் பின்னால் ஏறி உட்கார்ந்தாள், அன்று பாலத்துக்குப் போகும்போது உட்கார்ந்த மாதிரியே ஒருக்களித்து. இரண்டு கைகளும் அவர் இடுப்பைச் சுற்றின. சட்டையைத் தாண்டிக் குளிர்ந்தது.

"எங்கயாவது போலாமா?"

"இங்கயே இருப்போம்." அந்த ஒரு மடக்கு பெட்ரோல் பங்க் வரை தாங்காது.

கண்ணாடியில் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்த்தார். இருட்டு மட்டும் தெரிந்தது.

எஞ்சின் இருமியது. ரிசர்வுக்குத் திருப்பினார். மறுபடி இருமியது. அவர் உடம்பால் வண்டியைச் சாய்த்துக் கடைசிச் சொட்டையும் இறக்கினார். ஓடியது. விக்கியது. நின்றது.

விளக்கு மஞ்சளானது. சிவந்தது. ஒரு நூலானது. அணைந்தது.

மழை மட்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கைகள் தளர்வதற்காகக் காத்திருந்தார்.

தளரவில்லை.

இறுகின. உள்ளங்கைகள் சூடாக இருந்தன. போன மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சூடு.

அவர் கண்ணைத் திறந்தார். சாவிக்குக் கையை நீட்டினார். கை பாதி வழி போனது. அங்கேயே நின்றது.

கூரை ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு அவர் திறந்த கண்ணில் விழுந்தது. இமைக்கப் பார்த்தார்.

"ஆங், எங்க விட்டேன்?" என்றாள் அவள் காதருகே, குளித்து முடித்தவள்போலப் புத்துணர்ச்சியோடு. "பக்கத்து வீட்டம்மா. கேக்குறீங்களா இல்லையா? ஒரு 'ம்'மாவது சொல்லுங்களேன்."

முகப்பு விளக்கு தானாக எரிந்தது, வெள்ளையாக. அவரைத் தாண்டி அவள் கை முன்னால் வந்து, ஹாரனை விளையாட்டாக ஒரு அழுத்து அழுத்தியது.

லாரியே ஒதுங்கும்.