நகராத புள்ளி

"எனக்கு முன்னாடி இங்க இருந்தவங்க வரைஞ்ச தாளையெல்லாம் காட்டுங்க சார்."

இதை மட்டும் ஒருநாளும் கேட்கக் கூடாது என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். கேட்டுவிட்டாள். வீட்டில் முதல் பட்டதாரி. வாயை மூடிக்கொண்டிருக்கவா படிக்க வைத்தார்கள்?

மேஜைமேல் விரித்த வெள்ளைத் தாளில், தொலைநோக்கி இறக்கிய சூரியன் சாப்பாட்டுத் தட்டளவு வெளிச்சமாகக் கிடந்தது. மோட்டார் கடகடக்க, சூடேறிய தூசியும் பென்சில் சீவலும் மணக்க, ஜன்னலெல்லாம் அடைத்த அந்த அறையில் தினமும் காலையில் குனிந்து நின்று வட்டத்துக்குள் தெரியும் கரும்புள்ளிகளை வரைவதுதான் அவள் வேலை. சூரியன் சுழல்வதால் புள்ளிகள் நாளுக்கு நாள் நகர்ந்து, இரண்டு வாரத்தில் விளிம்பைத் தாண்டி மறையும். ஒன்று மட்டும், அவள் சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது நாளாக, நகர மறுத்தது.

"தூசியா இருக்கும். தாளை ஆட்டிப் பாத்தியா?" என்றார் தலைமை ஆய்வாளர்.

தூசியென்றால் தாளோடு ஆடும். சூரியப் புள்ளி அசையாமல் நிற்கும். அங்கே அதுதான் சோதனை.

"ஆட்டினேன். தாளோடவும் போகல, சூரியனோடவும் நிக்கல. நான் எங்க பாக்குறேனோ அங்க வந்து உக்காருது."

அவர் அலமாரியைத் திறந்து பழைய தாள்கட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். "பாத்துக்கோ."

எல்லாம் காலேஜ் சீனியர் அக்கா வரைந்தவை. 'நல்ல வேலைடி, கண்ண மூடிக்கிட்டு சேரு' என்று சொல்லி அவளை இங்கே சேர்த்துவிட்டவள். முதல் தாளில் ஊசிமுனை. பிறகு மிளகு. பிறகு உள்ளங்கை. கடைசித் தாளில் வட்டம் முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் நூலளவு வெள்ளை. மறுநாள் தாள் இவள் கையெழுத்தில். ஊசிமுனை.

"இப்ப அவங்களுக்குக் கண்ணு?"

"பளிச்னு இருக்கு. ஊசியில நூல் கோக்குறா." பல்லைக் குத்திக்கொண்டார். "உன்னை நம்பி வர்ற ஒரு ஆளை நீயே கூட்டியாந்து உன் இடத்துல உக்கார வெச்சா புள்ளி உன் கண்ணை விட்டு எறங்கிடும். டாக்டர்கிட்ட போனா ஒண்ணுமில்லேம்பான்."

"உங்க வீட்டுலேருந்து கூட்டியாங்களேன்."

சிரித்தார். "எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு இந்த வேலை எதுக்கும்மா? வாசல்ல நிக்கிறது உன் தங்கச்சிதானே? டிகிரி முடிச்சாச்சா?"

கண்ணை மூடினாள். இருந்தது. திறந்தாள். பெரிதாகியிருந்தது. அவர் மூக்கு இல்லை. வாய் இல்லை. குரல் மட்டும்.

"அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க எதுவுமில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

உச்சி வெயில். கேட்டருகே நீலத் துப்பட்டா. கழுத்து. அதற்கு மேல் கறுப்பு.

"என்னக்கா அப்படிப் பாக்குற?" என்றது கறுப்பு.

"சர்டிபிகேட்டையெல்லாம் எடுத்து வை. நாளைக்கு உன்னை இங்க சேத்துவிடறேன்."

முகமில்லாத இடத்திலிருந்து தங்கை சந்தோஷமாகச் சிரித்தாள்.