சுவிட்சில் தொங்கிய சிவப்புப் பூட்டு

கார் தொழிற்சாலையை மூடி எட்டு மாதமாகிறது. புறா எச்சமும் தூசியும் படிந்த கூடத்தில், கதவுத் தகடு அடிக்கும் பெரிய பிரஸ்ஸின் மெயின் சுவிட்சில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. போர்மேன் அதைத் திருப்பிப் பார்த்தார். பூட்டில் ஒட்டியிருந்த போட்டோவில் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. அந்தப் பூட்டை வெட்டி ஆற்றில் எறிந்ததே அவர்தான்.

பிரஸ்ஸுக்குள் இறங்குகிறவன் தன் பூட்டைச் சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். அவனே வந்து கழற்றும்வரை மெஷினை யாரும் தொடக்கூடாது. ஆனால் கடைசி நாளன்று நோட்டீஸ் ஒட்டியதும் இரண்டாயிரம் பேர் சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்காமல் கேட்டுக்கு ஓடினார்கள். மிச்சக் கதவுகளை அடித்துக் கொடுத்தால் உனக்கு மட்டும் வேறு ஊரில் வேலை என்று போர்மேனிடம் சொன்னார் மேனேஜர். சுவிட்சில் மச்சினனின் பூட்டு இன்னும் தொங்கியது; கோபத்தில் விட்டுவிட்டுப் போயிருப்பான் என்று போர்மேன் நினைத்துக்கொண்டார்.

"எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு," என்று சொல்லிக்கொண்டே கட்டரால் பூட்டை வெட்டினார். உள்ளிருந்து கேட்ட அலறலைக் கேட்டில் நின்ற கூட்டத்தின் கூச்சல் என்று எண்ணி, இரண்டு பச்சைப் பொத்தான்களையும் அழுத்தினார். தகட்டை அமுக்கும் இரும்பு அச்சு இறங்கி ஏறியது. தகட்டில் இரண்டு கைகள் காகிதம்போலத் தட்டையாக ஒட்டியிருந்தன.

பூட்டே போடாமல் இறங்கிவிட்டான் என்று மனைவியிடம் சாதித்தார். அவள் தம்பியைத் திட்டித் திட்டி அழுதாள். மேனேஜர் சொன்ன வேலையும் வரவில்லை.

இன்று மெஷினை வாங்க ஆள் வருகிறார். ஓட்டிக் காட்டினால் மெஷினோடு போர்மேனுக்கும் வேலை. சுவிட்சை நெருங்கும்போது பிரஸ்ஸுக்குள் யாரோ சுத்தியலால் தட்டினார்கள். டொக். டொக். இந்த முறை பார்க்காமல் ஓட்டுவதில்லை. தன் பூட்டையும் பக்கத்தில் மாட்டிவிட்டு உள்ளே தவழ்ந்தார். பழைய கிரீஸ் வாடை. அதற்கடியில் ரத்த வாடை. யாரும் இல்லை.

வெளியே கட்டர் இரும்பைக் கடித்தது.

ஒரு பூட்டு தரையில் விழுந்தது. இன்னொன்று. மோட்டார் உறுமியது.

"டேய், நான் உள்ளதான்டா இருக்கேன்!"

"எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு, மாமா."

தலைக்கு மேல் அச்சு அசைந்தது. இடுக்கு வழியே பொத்தான்கள் தெரிந்தன. ஒவ்வொன்றின் மேலும், காகிதம்போல மெல்லிய ஓர் உள்ளங்கை ஈரத்தோடு படிந்து, மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தது.