துன்யா வாசம்

துன்யாப் பழங்களை ஞாயிற்றுக்கிழமையே குப்பையில் போட்டாயிற்று. இருந்தும் புதன்கிழமை மாலை வீட்டில் துன்யா வாசம் அடித்தது.

வாசம் என்று சொல்வதே தப்பு. குளிர்காலத்தில் துணி அலமாரியின் மேல் வரிசையாக வைத்தால் அறை முழுக்க இதமாக மணக்கிற அந்த மஞ்சள் பழத்தின் வாசம் இல்லை இது. அதே பழம் அழுகி, தோல் பழுப்பேறி, அடியில் நீர் விட்டு, அந்த நீரில் நகச்சாயம் அழிக்கிற மருந்தையும் யாரோ ஊற்றியதுபோல, மூக்கில் நுழைந்து தொண்டையின் பின்பக்கம் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு கெட்ட தித்திப்பு. ஸ்ரெத்தென் இரண்டு முறை எச்சில் விழுங்கிப் பார்த்தான். எச்சிலும் தித்தித்தது.

ஜன்னலைத் திறந்தான். பான்செவோ நகரத்து மூடுபனி எட்டாவது மாடிவரை ஏறி நின்றது.

“மூடு அதை,” என்றாள் அவன் மனைவி விதோசவா. சக்கர நாற்காலியில் கண்ணாடி முன் உட்கார்ந்து உதட்டுச்சாயம் போட்டுக்கொண்டிருந்தாள். “சமையல்கட்டு ஜன்னலும் திறந்திருக்கு. குறுக்குக் காத்து அடிச்சா இடுப்பு பிடிச்சுக்கும்.”

“ஏதோ நாறுது, விதா.”

“உன் மூக்குதான் அழுகிப்போச்சு. நாலு வருஷமா செத்துக் கிடக்கிற இடுப்பு, அதையும் காத்துக்குக் குடுக்கணுமா?”

அவளே சொல்லி அவளே சிரித்தாள். அவன் ஜன்னலைச் சாத்தினான். குறுக்குக் காற்று ஆளைக் கொல்லும் என்று பாலோடு சேர்த்துக் குடித்து வளர்ந்த ஊர் அது. அவனுக்கும் அந்தப் பயம் உண்டு.

இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்வே இல்லாமல் போன விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்த நாற்காலியின் பேட்டரி தெருமுனை தாண்டாது. அதனால் ஸ்ரெத்தென் இந்தக் குளிர்காலம் முழுக்கத் தானே ஒன்று செய்தான். பழுது பார்க்கும் கடைகளில் தூக்கிப் போட்ட மடிக்கணினிகளை வாங்கி வந்து உடைத்தான். யார் யாரோ மடியில் வைத்துத் தட்டிய பெட்டிகள். பிரித்தால் உள்ளே முடி, நகத்துணுக்கு, ரொட்டித்தூள், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்த காதழுக்கு மாதிரி ஒரு பிசின். அதற்குள்ளிருந்து விரல் பருமனில் பேட்டரி செல்கள். எழுபது தேவை, எழுபத்துமூன்று கிடைத்தன. கையுறை, கண்ணாடி, பக்கத்தில் ஒரு வாளி மணல் என்று ஒன்றிலும் குறை வைக்கவில்லை. எல்லாவற்றையும் சார்ஜ் செய்து, இரண்டு வாரம் சும்மா கிடக்கவிட்டு, பிறகு அளந்தான். மூன்றில் மட்டும் சார்ஜ் தானாகவே இறங்கியிருந்தது. தானாக இறங்குகிற செல் உள்ளுக்குள் கெட்டுவிட்டது, என்றைக்காவது கசியும், ஊதும், தீப்பிடிக்கும், அதை நம்பவே கூடாது. மூன்றின் மேலும் சிவப்பு மையால் பொட்டு வைத்தான். தனியே எடுத்து வைக்கவில்லை. பொட்டு இருக்கிறதே என்ற தைரியம்.

மற்றவற்றோடு அவையும் மறுபடி சார்ஜ் ஆயின.

எழுபதையும் உலோகப் பட்டையால் இணைத்து, சூட்டில் சுருங்குகிற நீல பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கி, நாற்காலியின் இருக்கைக்கு அடியில் பொருத்தி இன்றைக்கு மூன்றாவது நாள். இன்று அவள் தனியாகக் கீழே இறங்கி, தரைத்தளத்து முடிதிருத்தும் கடைக்குப் போகிறாள். நான்கு வருஷத்தில் முதல் தடவை, யாரும் தூக்காமல்.

“நானும் வரவா?”

“வந்தியானா லிஃப்ட்லேயே அடிப்பேன்.”

அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. நாற்காலி மெல்ல முனகிக்கொண்டே நடையைக் கடந்தது. லிஃப்ட் கதவு மூடிய சத்தம் கேட்டது.

வாசம் குறைந்தது. அவளோடேயே போனதுபோல.

திரும்பியவனின் காலுறை எதிலோ ஒட்டியது. இரவில் நாற்காலியை நிறுத்துகிற இடம். எண்ணெய் மாதிரி ஒரு சொட்டு, பக்கத்தில் இன்னொன்று. குனிந்து விரலில் தொட்டு முகர்ந்தான். அதே தித்திப்பு, இப்போது நேராக மூளைக்குள். விரலைச் சுவரில் தேய்த்தான். போகவில்லை.

துடைக்கத் துணி தேடி பாத்திரத் தொட்டியின் அடியில் கையை விட்டான். விறைத்துப்போன ஒரு பழைய துணி வந்தது. துன்யாச் சாராய நெடி. நடுவில் சிவப்புக் கறை.

ரத்தமில்லை. மை.

ஞாயிற்றுக்கிழமை அவன் வெளியே போய்த் திரும்பியபோது தட்டில் செல்கள் பளபளவென்று கிடந்தன. ‘பாக்கவே அருவருப்பா இருந்துச்சு, சாராயத்தால துடைச்சுட்டேன்’ என்றாள் விதோசவா. அந்த வீட்டில் காயத்துக்கும் சாராயம், கண்ணாடிக்கும் சாராயம். அவன் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தான். பிறகு வேலையில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமலே, ‘சிவப்பு இல்லாததா எடுத்துக் குடு’ என்றான். கொடுத்தாள். ஒவ்வொன்றாக. எழுபது. மீதி மூன்றைப் பார்க்காமலே மணலில் புதைத்தான்.

பால்கனிக்கு ஓடினான். மணல் வாளியைக் கவிழ்த்தான். மூன்று செல்கள்.

எதிலும் பொட்டு இல்லை.

அதற்குள் கீழே எங்கோ ஒரு குலுக்கல். கம்பி நடுங்குகிற ஓசை. பிறகு ஒன்றுமில்லை. வாரம் ஒரு தடவை மக்கர் பண்ணுகிற லிஃப்ட்.

படிகளில் இறங்கினான். ஏழு. ஆறு. ஒவ்வொரு தளத்திலும் வாசம் கனத்தது. வாயைத் திறந்து மூச்சுவிட்டான், நாக்கில் படிந்தது.

“விதா!”

“கத்தாத, இங்கதான் இருக்கேன்.” கதவுக்குப் பின்னால் அவள் குரல். “நின்னுபோச்சு. யாரோ துன்யா காய்ச்சறாங்க போல, கீழேருந்து வருது.”

ஐந்தாவது தளம். லிஃப்ட் கதவில் ஒரு சாண் அகலக் கண்ணாடி. பெட்டி பாதி மேலே நின்றிருந்தது. அவன் கண்ணுக்கு நேரே சக்கரங்கள். அவளுடைய பழுப்பு பூட்ஸ். இருக்கைக்கு அடியில் நீல உறை.

உறை ஊதியிருந்தது. மூட்டில் ஈரம். ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

கைப்பிடியை இழுத்தான். பூட்டு. மறுபடி இழுத்தான். கண்ணாடியில் குத்தினான். உள்ளே கம்பிவலை.

“நாற்காலிய விட்டு எறங்கு, விதா. கீழ விழுந்தாலும் பரவால்ல. தள்ளிப் போ.”

“எங்க தள்ளிப் போறது, சுத்தி சுவரு. ஏன்டா இப்படிப் பதறற? நல்லவேளை, இங்க காத்தே இல்ல.”

உள்ளே டிக் என்றது. சின்னதாக. மறுபடி டிக்.

நீல உறையின் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஒரு நூல் கிளம்பி, நிதானமாக, அவள் முழங்காலைச் சுற்றி ஏறியது.

“ஸ்ரெத்தென்.” அவள் குரல் மாறியிருந்தது. சின்னப் பெண்ணின் குரல். “சொன்னா நம்பமாட்ட. எனக்குக் காலு சுடுது.”

அவன் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான்.

“காலு தெரியுதுடா எனக்கு.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெள்ளைப் புகைக்குள், பழுப்பு பூட்ஸின் முனை அசைந்தது.