வலது பின்சக்கரம்

காலை எட்டு நாற்பதுக்குப் பழைய பந்தய வீரர் கல்வோடா துப்ராவா ஊரில் வந்து இறங்கினார்.

அக்டோபர் மூடுபனி. பழைய பந்தயக் கொட்டகையின் கூரை மட்டும் தெரிந்தது. சுவர்கள் தெரியவில்லை. நல்லதுதான் என்று நினைத்தார். முப்பது வருடமாக யாரும் வெள்ளையடித்திருக்க மாட்டார்கள்.

பனிக்குள்ளிருந்து கிழவர்கள் ஒவ்வொருவராக வெளிப்பட்டார்கள். எல்லோரும் பழைய பந்தய உடுப்பில் இருந்தார்கள். ஒருவருக்கும் வயிற்றைத் தாண்டிப் பொத்தான் ஏறவில்லை. ஒரு கையில் சாசேஜ், மறு கையில் பிளம் சாராயம். எலுமிச்சை வளைவை நூற்று முப்பது கிலோமீட்டர் வேகத்தில் எடுத்ததாக ஒருவர் சொன்னார். நூற்று நாற்பது என்றார் மற்றவர். இருவரும் தொண்ணூறைத் தாண்டியதில்லை. கல்வோடாவுக்குத் தெரியும். அவர்களை அங்கே முந்திப் போனவர் அவர்தான்.

லிண்டன் மரம் நின்ற அந்த வளைவுக்கு எலுமிச்சை வளைவு என்று எவனோ பெயர் வைத்திருந்தான். மரத்தின் பெயர்கூடத் தெரியாத கூட்டம்.

அவர்கள் ஓட்டியவை பந்தயத்துக்கென்று செய்த கார்களும் அல்ல. டாக்டரும் தபால் அதிகாரியும் ஓட்டும் அதே நாலு கதவுக் கார்கள். பின் இருக்கையைப் பிடுங்கிவிட்டு, கதவில் எண்ணை எழுதி, ஞாயிறன்று ஊர்ச்சாலையை மூடி ஓட்டினார்கள். திங்களன்று இருக்கையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். இப்போது அதற்குப் பொற்காலம் என்று பெயர்.

"வாங்க சாம்பியன், வாங்க!" பந்தய மன்றத் தலைவர் லுமீர் கையை நீட்டிக்கொண்டு வந்தார். "பனி பாருங்க, சாலையே தெரியல. உங்களுக்கென்ன, கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவீங்க."

"நீ கண்ணைத் திறந்துக்கிட்டே கடைசியில வந்த ஆளாச்சே."

லுமீர் சிரித்தார். எதைச் சொன்னாலும் சிரிப்பார். அதனால்தான் அவரைத் தலைவராக்கியிருந்தார்கள்.

கொட்டகைக்குள் அந்தக் கார் நின்றது. வெள்ளை. கதவில் இருபத்தேழு. 1966 ஆகஸ்டில், நான்கு மணி நேரப் பந்தயத்தில், கல்வோடாவும் எவ்ஜெனும் மாற்றி மாற்றி ஓட்டிய கார். எவ்ஜென் அதை லிண்டன் மரத்தில் மோதி அங்கேயே செத்தான். உடைந்த காரை லுமீர் ஆறு வருடம் உட்கார்ந்து சரிசெய்திருந்தார்.

"நாலு சக்கரமும் அசல், சாம்பியன். நிலவறையில கிடந்துச்சு. வலது பின்னாடி மட்டும் கொஞ்சம் கோணல். தட்டி நேராக்கி பெயிண்ட் அடிச்சுட்டேன்."

"புதுசு போட்டிருக்கலாம்."

"புதுசா? அப்புறம் இது எவ்ஜென் ஓட்டின கார்னு எந்த வாயால சொல்றது?"

கல்வோடா குனிந்து பார்த்தார். வெள்ளி வண்ணம் தடித்துப் பளபளத்தது.

"அழகா இருக்கு," என்றார்.

முட்டாள் என்று நினைத்துக்கொண்டார். அதற்கு மேல் நினைக்காமல் பார்த்துக்கொண்டார்.

எவ்ஜெனின் மனைவி மிலாடா ரம் கலந்த தேநீரை எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவரிடம் வந்தபோது கோப்பையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"மரத்தடியில அவருக்கு நினைவுக்கல் நட்டிருக்காங்க. மதியம் திறக்கறாங்க. உங்க புத்தகத்து வரியை அதுல வெட்டியிருக்காங்க."

பந்தய நாட்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம். அவருக்கு அந்த வரி தெரியும். மன்றத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். *எவ்ஜெனுக்கு வேகம் தெரியும். பிரேக் தெரியாது.*

"அதை எடுக்கச் சொல்லுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எடுத்துடுவாராம் லுமீர்."

"எழுதினது எழுதினதுதான், மிலாடா."

"அன்னைக்குக் காரைக் கைமாத்தும்போது அவர் உங்களை என்ன கேட்டாரு?"

"எல்லாரும் கேக்கறதுதான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எல்லாரும் சொல்றதுதான். டீ ஆறுது, குடு."

கோப்பையைக் கொடுத்தாள். நன்றி சொல்லாமல் வாங்கிக்கொண்டார். முப்பது வருடமாக அதே கேள்வி. வேறு வேலை இல்லாதவள்.

அவளுக்குப் பின்னால் மகள் ஹெத்விகா தலைக்கவசத்தோடு நின்றாள். தகப்பன் சாகும்போது ஐந்து வயது. இப்போது பிர்னோ நகரத்தில் டிராம் ஓட்டுகிறாள். இன்றைய நினைவு ஓட்டத்தில் முதல் இரண்டு சுற்று கல்வோடா, அடுத்த இரண்டு சுற்று அவள். லுமீரின் ஏற்பாடு. பத்திரிகைக்காரர்களுக்குக் கண்ணீர் வேண்டுமாம்.

"டிராமுக்கு ஸ்டியரிங்கே கிடையாதேம்மா," என்றார் கல்வோடா. "சமாளிச்சிடுவியா?"

"ஸ்டியரிங் கிடையாது, கல்வோடா சார். பிரேக் இருக்கு."

பக்கத்தில் நின்ற கிழவர்கள் சாசேஜை மெல்லுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். கல்வோடா சிரிக்கவில்லை.

பழைய வழக்கப்படி ஓட்டுநர்கள் சாலையின் இந்தப் பக்கம் நிற்க வேண்டும். கொடி விழுந்ததும் குறுக்கே ஓடிப்போய்க் காரில் ஏற வேண்டும். கொடி விழுந்தது. பதினோரு கிழவர்கள் ஓடினார்கள். அதை ஓட்டம் என்று சொல்வது மரியாதைக்காக. ஒருவர் அடுத்தவர் காரில் ஏறி உட்கார்ந்தார்.

கல்வோடா முதலில் கிளம்பினார். இரண்டு வளைவுகளில் மற்றவர்களின் சத்தம் பின்னால் ஒழிந்தது. பனியும் அவரும் மட்டும்.

தேவாலயத்து முனையில் ஓரக்கல் இன்னும் இருந்தது.

அன்று அவர் இடித்தது அந்தக் கல்லில்தான். வலது பின்சக்கரம். அதன்பிறகு ஒவ்வொரு வளைவிலும் ஒரு சத்தம் வந்தது. டக். டக். சக்கர வளையம் விரிசல் விட்டால் வரும் சத்தம். சக்கரம் மாற்ற ஒரு நிமிடம் போதும். அவர்கள் மூன்று நிமிடம் முன்னால் இருந்தார்கள். நேரம் ஒரு பொருட்டே இல்லை. கல்வோடா கல்லில் இடித்தான் என்று கொட்டகையில் நான்கு பேர் பேசுவார்கள். அதற்காகத்தான் மாற்றவில்லை.

அவர் இறங்கினார். எவ்ஜென் வழக்கம்போலக் கார்க்கூரையை இரண்டு முறை தட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்தான். கேட்டான். அவரை போஹுஷ் என்று கூப்பிட்டவன் உலகத்தில் அவன் ஒருவன்தான். போஹுமில் என்று முழுப்பெயர் சொல்ல அவனுக்கு வாய் வலிக்கும். கல்வோடாவுக்கு அது பிடிக்காது.

"வெண்ணெய் மாதிரி போகுது," என்று சொன்னார்.

அவர்களுடையது ஏழை அணி. ஓய்வில் இருக்கும் ஓட்டுநர்தான் சுவரோரம் நின்று, ஓடும் காருக்குக் கரும்பலகையில் சைகை காட்ட வேண்டும். கல்வோடா பலகையைப் பிடித்தார். எவ்ஜென் கடந்துபோன ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்தது. மூன்று சுற்றும் மேல்நோக்கிய அம்பைக் காட்டினார். இன்னும் வேகம்.

நான்காவது சுற்றில் கார் வரவில்லை.

இதெல்லாம் புத்தகத்தில் இல்லை. கூரையைத் தட்டுவதும் இல்லை, போஹுஷும் இல்லை.

டக்.

கல்வோடா காதைக் கூர்மையாக்கினார். லுமீரின் சுத்தியல் வேலை. வேறென்ன.

டக்.

காருக்குள் ஒரு வாடை ஏறியது. விளக்கெண்ணெய் கருகும் வாடை. அந்தக் காலத்தில் எஞ்சினுக்கு அதைத்தான் ஊற்றுவார்கள். இப்போது யாரும் ஊற்றுவதில்லை. காலையில் லுமீர் புது எண்ணெய் டப்பாவைப் பெருமையாகக் காட்டினாரே.

லிண்டன் வளைவு வந்தது. மரத்தடியில் துணி போர்த்திய கல், முக்காடிட்ட ஆள் உட்கார்ந்திருப்பதுபோல.

அங்கே மட்டும் சத்தம் நின்றது.

வளைவு முடிந்ததும் மீண்டும் தொடங்கியது.

கொட்டகையை நெருங்கினார். சுவரோரம் யாரோ நின்று பலகையைத் தூக்கிப் பிடித்தார்கள். சுண்ணக்கட்டியால் வரைந்த அம்பு. மேல்நோக்கி.

லுமீரின் நாடகம் என்று நினைத்தார். மட்டமான ரசனை. இறங்கியதும் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

இரண்டாவது சுற்று. சத்தம் இப்போது வளைவுகளில் மட்டும் இல்லை. நேர்ச்சாலையிலும் வந்தது. ஸ்டியரிங் வழியாகக் கைக்கு ஏறியது. அறுபத்தேழு வயதுக் கை. பிடியை இறுக்கிக்கொண்டார்.

நிறுத்தலாம். நிறுத்தினால் ஏன் என்பார்கள். சத்தம் என்றால் என்ன சத்தம் என்பார்கள். வண்ணத்தைச் சுரண்டுவார்கள். விரிசல் பழையது என்று எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவான்.

நிறுத்தவில்லை.

லிண்டன் வளைவு. அமைதி.

அந்த அமைதியில் பின்னால் யாரோ மூச்சை இழுத்து அடக்குவது கேட்டது.

பின் இருக்கை இல்லாத கார் அது.

கண்ணாடியைப் பார்க்கவில்லை. சாலையை மட்டும் பார்த்தார். வளைவு முடிந்தது. டக். அந்தச் சத்தம் திரும்பி வந்ததில் ஒரு கணம் நிம்மதிகூட வந்தது.

கொட்டகை தெரிந்தது. வேகத்தைக் குறைத்தார். பலகைக்காரன் அதே இடத்தில் நின்றான். இந்த முறை அவனைச் சுற்றி மட்டும் பனி விலகியிருந்தது. நீல உடுப்பு. வெள்ளைத் தொப்பி, உச்சியில் பொத்தான். கழுத்தில் தொங்கும் கடிகாரம்.

அந்தத் தொப்பி கல்வோடாவின் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

அந்த ஆளுக்கு முப்பத்தேழு வயதிருக்கும். டக் என்ற சத்தத்துக்குத் தலையைச் சற்றே சாய்த்தான். கேட்டுவிட்டான். கேட்டது முகத்தில் தெரிந்தது. பிறகு பலகையை இன்னும் ஒரு சாண் உயர்த்தினான்.

அம்பு. மேல்நோக்கி.

அந்த முகத்தில் பயமில்லை, வருத்தமில்லை. தினமும் சவரம் செய்யும்போது கல்வோடா கண்ணாடியில் பார்க்கும் ஒன்றுதான் இருந்தது.

ஏளனம்.

காரை நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கினார்.

"பலகை யார் பிடிச்சது?"

"எந்தப் பலகை?" என்றார் லுமீர். "இந்தப் பனியில பலகை பிடிச்சா நமக்கே தெரியாதே, சாம்பியன்." சிரித்தார்.

சுவரோரம் யாரும் இல்லை. காரைச் சுற்றி விளக்கெண்ணெய் வாடை. ஒருவரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

வலது பின்சக்கரத்தைப் பார்த்தார். வெள்ளி வண்ணத்தில் மயிரிழையளவு ஒரு கோடு. காலையில் இல்லாதது. அல்லது காலையில் அவர் பார்க்காதது.

சொல்லலாம். ஒரு வாக்கியம். சக்கரத்தை மாற்றச் சொல்லலாம். எப்படித் தெரியும் என்று மிலாடா கேட்பாள். இந்த முறை டீ ஆறுது என்று சொல்ல முடியாது. மதியம் கல்லில் அந்த வரியை அழிப்பார்கள். வேறு வரி வெட்டுவார்கள். அதில் அவர் பெயர் இருக்கும்.

கிழவர்கள் கைதட்டினார்கள். புகைப்படக்காரன் மண்டியிட்டான். மிலாடா தேநீர்ப் பாத்திரத்தோடு சுவரோரம் நின்றாள். பலகைக்காரன் நின்ற அதே இடம்.

ஹெத்விகா தலைக்கவசத்தை மாட்டினாள். காரை நெருங்கினாள். கையை உயர்த்திக் கூரையைத் தட்டினாள்.

இரண்டு முறை.

உட்கார்ந்தாள். வார்ப்பட்டையை இழுத்து மாட்டினாள். திறந்த கதவு வழியாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். குரல் அவளுடையதுதான்.

"கார் எப்படி இருக்கு, போஹுஷ்?"